இன்று அனைவரும் நலம்

எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒரு வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள். பிள்ளைகள் தோஹாவிலோ புனேயிலோ இருப்பார்கள். வீட்டில் அறைகள் ஐந்து, மின்விசிறிகள் ஏழு, ஆள் ஒன்று. பூதப்பாண்டியைச் சுற்றி இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆனால் தனியாக இருக்கிறோம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட முன்வந்தவர்கள் முப்பத்தொரு பேர்தான்.

சங்கம் பிறந்ததற்குக் காரணம் ஒரு சாவு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குளியலறையில் விழுந்து இறந்தது மூன்றாம் நாள்தான் வெளியே தெரிந்தது. ஊர் ஒரு நாள் வருத்தப்பட்டது. மறுநாளில் இருந்து அவரவர் தம் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள். நான் விழுந்தால் எத்தனையாவது நாளில் தெரியும் என்ற கணக்கு. எனக்குப் பால்காரி தினமும் வருவாள். பாத்திரம் எடுக்காமல் கிடந்தால் மறுநாள் கதவைத் தட்டுவாள். ஆகவே ஒரு நாள். அவள் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் சமயமாக இருந்தால் நான்கு நாள். சராசரி எடுத்தால் ஒன்றரை நாள் வரலாம். புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். சராசரியை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் வாட்ஸாப் குழு வைத்துப் பார்த்தோம். காலையில் எழுந்ததும் ஆளுக்கு ஒரு செய்தி போட வேண்டும், போடாதவரை நாங்கள் போய்ப் பார்ப்போம் என்று ஏற்பாடு. முதல் நாள் முப்பத்தொரு பேரும் சேர்ந்து நூற்றுப் பதினான்கு படங்கள் அனுப்பினார்கள். ரோஜாப்பூ, சூரியன், கைகூப்பிய குழந்தை, மறுபடியும் ரோஜாப்பூ. ஒருவர் மட்டும் பதினாறு அனுப்பியிருந்தார். இந்தப் பூக்களுக்கு நடுவே யார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் விழுந்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம்.

அதனால்தான் நான் ஓர் இணையப் பக்கத்தை எழுதினேன். மகன் விட்டுப்போன மடிக்கணினி இருந்தது. நாகர்கோவிலில் வாங்கிய பிஎச்பி நிரல்மொழிப் புத்தகம் ஒன்று இருந்தது, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் முப்பத்தெட்டாம் பாடத்துக்கு மேல் கொஞ்சம் பிடிபட்டது. எழுபத்திரண்டு வயதில் படிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. படித்தது மறந்துவிடும் என்பதால் புத்தகம் பழசாவதே இல்லை.

பக்கம் எளிமையானது. கைப்பேசியில் திறந்தால் பெரிய பச்சைப் பொத்தான், அதன்மேல் ‘இருக்கேன்’ என்று எழுதியிருக்கும். காலை எட்டரைக்குள் அமுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அதே பக்கத்தில், அமுக்காதவர்களின் பெயர்கள் சிவப்பில் வரும். நான் அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் சந்தி முனையில் நிற்கும் ஆட்டோக்காரர் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். முப்பத்தொரு வீட்டு மாற்றுச் சாவிகளும் என் வீட்டுச் சுவரில், எண் எழுதிய ஆணிகளில் தொங்கின. பட்டியல் காலியாக இருந்தால் அந்த இடத்தில் ‘இன்று அனைவரும் நலம்’ என்று வரும்படி செய்திருந்தேன். அந்த வரியை நான் நான்கு முறை திருத்தி எழுதினேன். முதலில் ‘யாரும் இல்லை’ என்றுதான் போட்டிருந்தேன். காலை ஒன்பது மணிக்கு அதைப் படித்தால் வேறு அர்த்தம் வந்தது.

இருபத்து நான்கு நாள் அது ஒழுங்காக ஓடியது. தினமும் இரண்டு பெயர், மூன்று பெயர் சிவப்பில் வரும். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவர், சார்ஜ் போட மறந்தவர், கோயிலில் தீபாராதனைக்கு நின்றவர். ஒரு நாள் ஆட்டோக்காரர் போனபோது ஓர் அம்மாள் உண்மையிலேயே காய்ச்சலில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நான்கு நாளில் திரும்பி வந்தார். நான் யாரிடமும் பெருமையடிக்கவில்லை. பெருமைப்பட்டேன், அது வேறு.

இருபத்தைந்தாம் நாள் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் எதையும் வேண்டுகோளாகச் சொல்வதில்லை, சுற்றறிக்கையாகத்தான் சொல்வார்.

“சார், அமுக்காதவங்க பேரு மட்டும் போடுதிய. ஒழுங்கா அமுக்குதவங்களுக்கு என்ன மரியாத?”

“அவங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் டீச்சர்.”

“அது அவங்களுக்குத் தெரியாண்டாமா? தெனமும் அஞ்சரைக்கு எழும்பி அமுக்குதேன். எம்பேரு எங்கயும் வரல்ல. மறந்து கெடக்குதவன் பேரு எட்டு ஊருக்குத் தெரியுது. மேல அமுக்குனவங்க பேரு, கீழ அமுக்காதவங்க பேரு. அப்படிப் போடுங்க. வரிச எண்ணு போடாதிய. கடைசி எண்ணு யாருக்கோ அவங்க சண்டைக்கு வருவாங்க.”

நியாயம்தான் என்று பட்டது. அன்று மத்தியானமே மேலே ஒரு பட்டியலைச் சேர்த்தேன். பச்சை எழுத்து, இரண்டு பத்தி, வரிசை எண் இல்லை. எல்லோர் பதிவும் சேரும் தரவுத்தளத்தில் இருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அதே பதிலை முதலில் ஒரு சுற்றுச் சுற்றி, அதாவது வரி வரியாகப் படித்து, அமுக்கியவர்களைப் போட்டேன். அதற்கு அடியில் பழைய சுற்று அப்படியே இருந்தது, அமுக்காதவர்களுக்காக. அதை நான் தொடவில்லை. நன்றாக ஓடுகிற ஒன்றைத் தொடக்கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழே ஒரு பெயரும் இல்லை. இன்று அனைவரும் நலம்.

அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். செயலாளரின் யோசனை இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனித இயல்பைப் பற்றி ஒரு சிறு கொள்கையே எனக்குள் உருவாகிவிட்டது. ஆளுக்குத் தன் பெயரைப் பச்சையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்; மரியாதை கொடுத்தால் மறதிகூடக் குறைகிறது. பதினைந்தாம் நாள் செயலாளர் வீட்டில் கூட்டம் போட்டு, உளுந்தவடையும் காப்பியும் கொடுத்தார்கள். “பதினஞ்சு நாளா ஒரு பேரு கீழ வரல்ல” என்று அவர் எழுந்து நின்று சொன்னார். கைதட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். வந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர், வடை நாற்பது.

நாற்பது வடையை எண்ணியவன் மேலே இருந்த பச்சைப் பெயர்களை ஒரு நாளும் எண்ணவில்லை. கீழே பூஜ்யம் என்றால் மேலே முப்பத்தொன்று. கழித்தல் தெரிந்தவன் எதற்காக எண்ண வேண்டும்?

அந்தக் கூட்டத்துக்கு வராத ஒன்பது பேரில் என் நண்பன் ஒருவன். அவன் வராததற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

அவன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். ஐந்தாம் வகுப்பில் இருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஊரின் வடக்கே, வயலை ஒட்டித் தனியாக நிற்கும் வீடு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் நாங்கள் இருவரும் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது நான் காற்றாலைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வழக்கமாக எண்ணுவேன். இறங்கும்போது எண்ணிக்கையைச் சொன்னேன். அவன், “சுத்தாம நிக்கிறதயும் சேத்தா எண்ணின?” என்று கேட்டான். நான் நின்றாலும் காற்றாலை காற்றாலைதான் என்றேன். சுற்றாததை எண்ணுகிறவன் புள்ளியியல் துறையில் என்ன கிழித்தாய் என்று அவன் கேட்டான். நான் அவன் நடத்திய பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி ஒன்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்கக்கூடாது. பஸ் நிலையத்தில் அவன் கிழக்கே போனான், நான் மேற்கே. அவன் வீடு வடக்கே.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் அவனோடு பேசவில்லை. வாழ்வில் எங்களுக்குள் மிக நீண்ட சண்டை அது இல்லை. மற்றொன்று நான்கு மாதம் இருந்தது.

பேசாமல் இருந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் அவன் நன்றாக இருக்கிறான் என்று பக்கம் எனக்குச் சொல்லிவிடும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை. கோபமும் குறையாமல், கவலையும் இல்லாமல் இருக்கலாம். இப்படி ஒரு ஏற்பாடு மனிதனுக்கு முன்பு இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேல் பட்டியல் வந்த பத்தொன்பதாம் நாளுக்கு முந்தைய மாலை என் கைப்பேசி வாளித் தண்ணீரில் விழுந்தது. துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். காலையில் எழுந்து மாத்திரை நான்கும் எண்ணிப் போட்டு, புட்டும் பயறும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். இன்று அனைவரும் நலம். திருப்தியாக இருந்தது. மட்டிப்பழம் ஒன்றை உரித்துப் பாதி கடித்தபோதுதான் தோன்றியது, நான் இன்று பொத்தானை அமுக்கவில்லையே என்று. கைப்பேசி அரிசிக்குள் அல்லவா இருக்கிறது.

மேலே என் பெயர் இல்லை. சரி, அமுக்கவில்லை. அப்படியானால் கீழே இருக்க வேண்டும். கீழேயும் இல்லை. இருக்கிறவர்களிலும் இல்லாமல், இல்லாதவர்களிலும் இல்லாமல், கையில் பாதிப் பழத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு, பத்தொன்பது நாளில் முதல் முறையாக, பச்சைப் பெயர்களை விரல் வைத்து எண்ணினேன். இருபத்தாறு. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறுதான்.

என்னைச் சேர்த்து ஐந்து பேர் எங்கே?

பெயர்களைச் சரிபார்த்து மற்ற நான்கு பேரையும், அவர்கள் தொலைபேசி எண்களோடு, தாளில் எழுதினேன். நான்காவது பெயரை எழுதிவிட்டு மறுபடி படித்தேன். அது அவன் பெயர். ஆணியில் இருந்து நான்கு சாவிகளை எடுத்துக்கொண்டு சந்தி முனைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கில். பார்த்தவர்கள் நடந்தேன் என்று சொல்லலாம்.

ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டார். “என்ன சார், இவ்வளவு வெப்ராளமா ஓடி வாறிய? பத்தொம்பது நாளா எனக்கு ஒரு வேல இல்ல. எல்லாரும் சொகமா இருக்காவன்னு நானும் சந்தோசமா இருந்தேன்.”

“சொகம் இல்ல. உம்ம போனக் கொடும்.”

முதல் மூவரையும் அங்கேயே நின்று கூப்பிட்டேன். ஒருவர் நாகர்கோவிலில் மகள் வீட்டில் இருந்தார். ஒருவர் கோயிலில் இருந்தார், மணிச் சத்தம் கேட்டது. மூன்றாமவர், “ஆமா, அமுக்கல்ல, அதுக்கென்ன இப்பம்?” என்று கேட்டு வைத்துவிட்டார். குரலில் ஏதோ கசப்பு இருந்தது. அப்போது அதை நினைக்க நேரமில்லை. நான்காவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“ஏறுங்க சார்” என்றார் ஆட்டோக்காரர்.

அவன் வீட்டு வாசலில் இறங்கியதும் நான் பார்த்தது செய்தித்தாள்கள். நடையில், கேட்டுக்கும் படிக்கும் இடையில், பையன் வீசி எறிந்த மாதிரியே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்தன. பழையவை வெயிலில் மஞ்சளாகி, பனியில் நனைந்து உப்பியிருந்தன. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று செய்தித்தாளைப் பிடுங்குகிறவன் அவன். எண்ணக்கூடாது என்று நினைத்தேன். எண்ணினேன். பதினொன்று.

பதினோரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சாவியைத் துளையில் நுழைக்க மூன்று முறை முயன்றேன். ஆட்டோக்காரர் அதை என் கையில் இருந்து வாங்கித் திறந்தார். முன்னறை காலி. படுக்கையறை காலி, போர்வை மடித்திருந்தது. குளியலறைக் கதவை அவர்தான் தள்ளினார், நான் பார்க்கவில்லை. “இஞ்ச ஆளில்ல சார்” என்றார்.

அடுக்களையில் இருந்து குரல் வந்தது.

“பதினொண்ணையும் எண்ணியாச்சா?”

அவன் அடுக்களை மேசையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். சட்டை போட்டு, தலை சீவி, கண்ணாடி மாட்டியிருந்தான். அவன் கைப்பேசி தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

“போனு எடுக்கமாட்டியா நீ?” என்றேன்.

“தெரியாத நம்பரு. நான் எடுக்கதில்ல.” தோசையைப் பிய்த்தான். “பேப்பரு வாசிக்காம பதினோரு நாளு. அதாக்கும் பெரிய கஷ்டம். பின்வாசல் வழியா கடைக்குப் போய் வந்தேன். முன்வாசல்ல பேப்பரு கெடக்கட்டு, யாருக்காவது கண்ணுல படட்டுன்னு விட்டேன். நாயி வந்து மோந்து பாத்துது. ஆளு வரல்ல.”

ஆட்டோக்காரர் மெல்ல வெளியே போய் செய்தித்தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“வேணும்னேயா அமுக்காம இருந்த?”

“முதல் நாளு கோவத்துல அமுக்கல்ல. நீ கூப்பிடுவ, நான் எடுக்கமாட்டேன், நீ ஆட்டோவ அனுப்புவ, உனக்கு அது ஒரு எடஞ்சலா இருக்கட்டுன்னு. ஒம்பதாச்சு, பத்தாச்சு. ஒரு சத்தமும் இல்ல. பக்கத்தத் தெறந்து பாத்தேன். இன்று அனைவரும் நலம்னு போட்டிருக்கு. அப்பம் உன் அனைவர்ல நான் இல்ல. சரி, அதயும் பாப்போம்னு அடுத்த நாளும் அமுக்கல்ல.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன நடந்திருக்கும் என்று ஆட்டோவில் வரும்போதே எனக்குப் பாதி விளங்கியிருந்தது. மீதி அவன் முன்னால் உட்கார்ந்தபோது விளங்கியது. தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் ஒரு கட்டாக வரும். நிரல் அதில் இருந்து ஒவ்வொரு வரியாக எடுக்கும். ஒரு வரி எடுத்ததும் உள்ளே இருக்கும் குறி அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். கடைசி வரியும் முடிந்ததும் குறி கட்டின் அடியில் நின்றுவிடும், தானாக மேலே வராது. அதே கட்டை இரண்டாம் முறை சுற்றப் போய் ‘அடுத்த வரி கொடு’ என்றால் ‘இல்லை’ என்று சொல்லும். அது பொய் இல்லை, அடுத்தது இல்லைதான். பிழை என்று எதுவும் காட்டாது. ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். நான் மேலே சேர்த்த மரியாதைப் பட்டியல் எல்லோரையும் படித்து முடித்துவிட்டது. கீழ்ப் பட்டியலுக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. ஒருவரும் மிஞ்சாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், நான்கு முறை திருத்தி.

அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துச் சொன்னேன். “நீ பேரு வாசிக்க. விரலு ஒவ்வொரு பேரா கீழ எறங்குது. கடைசிப் பேருல விரலு நிக்குது. அப்பம் ஒருத்தன் வந்து, வராதவங்கள வாசின்னு சொல்லுகான். நீ விரல மேல கொண்டு போகாம, நின்ன எடத்துல இருந்து கீழ பாக்க. அங்க பேரே இல்ல. எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லுக.”

அவன் நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒரே நொடியில் பிடித்துக்கொண்டான். “விரல மேல கொண்டு போணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“அந்த மெஷினு சவத்துக்கு அது தெரியாது.”

“சொன்னாத்தான் தெரியும். நான் சொல்லல்ல.”

“சரி” என்றான். தட்டை எடுத்துக் கழுவி வைத்தான். துண்டில் கையைத் துடைத்தான். “மெஷினு கீழ உள்ளத வாசிக்கல்ல, ஒத்துக்கிட்டேன். மேல உள்ளது ஒழுங்கா வந்துதா?”

“வந்துது.”

“அதுல எம்பேரு உண்டான்னு ஒரு நாளாவது பாத்தியா?”

பார்க்கவில்லை என்பதுதான் பதில். பத்தொன்பது நாளில் பதினெட்டு நாள் நான் மேல் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிப் பார்த்தது உண்மை. அது என் பெயர்.

“வெள்ளிக்கிழம நான் புனேக்குப் போறேன்” என்றான். “மவன் ஆறு வருசமா கூப்பிடுதான். போன ஞாயித்துக்கிழம சரின்னு சொல்லிட்டேன். டிக்கெட்டு போட்டாச்சு.”

“போய்ட்டு எப்பம் வருவ?”

“போறேன்னு சொன்னேன்.”

“இதுக்காகவா மக்கா? ஒரு வரி. போன ஒடனே திருத்திருவேன். நாளைக்குக் காலைல உன் பேரு செவப்புல வரும், நான் கூப்பிடுவேன்.”

“மவன்கிட்ட என்னன்னு சொல்லட்டு? விரலு மேல போகாததுனால இவன் வரல்ல, இப்பம் போயிருச்சு, அதனால நான் வரல்லன்னா?” அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. “சங்கத்துல இருந்து எம்பேர எடுத்திரு. ஸ்டேசனுக்கு வராத.”

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பாடத்தில், பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அது இருந்தது. ஒரு முறை சுற்றி முடித்த விடையை மறுபடி சுற்ற வேண்டுமானால் குறியை முதல் வரிக்குத் திருப்பி அனுப்புங்கள். அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடு என்னுடையது. இரண்டாம் முறை படித்தபோது போட்டதாக இருக்கலாம். இணையத்திலும் தேடினேன். இதே தவறைச் செய்த ஒருவர் எப்போதோ கேட்டிருந்தார், பதினோரு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். குறியைத் திருப்பு என்று ஐந்து பேர். எல்லா வரிகளையும் முதலிலேயே ஓர் அடுக்கில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த அடுக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்று என்று நான்கு பேர். மீதி இரண்டு பேர், எதற்காக இரண்டு முறை சுற்றுகிறாய் என்று திட்டியிருந்தார்கள். நான் அடுக்கில் எடுத்து வைத்தேன். குறியைத் திருப்ப மறுபடியும் மறந்துவிடுவேன் என்ற பயம்தான் காரணம். மேல் பட்டியலுக்கு வரிசை எண்ணும் போட்டேன்.

திருத்தியதும் கீழே ஐந்து பெயர்கள் சிவப்பில் வந்தன. காலையில் வந்திருக்க வேண்டியவை.

பிறகு, செய்திருக்க வேண்டாத ஒரு காரியத்தைச் செய்தேன். கடந்த பத்தொன்பது நாளின் பதிவுகளை ஆரம்பத்தில் இருந்து படித்தேன். தரவுத்தளம் எதையும் மறந்திருக்கவில்லை. படித்தவன்தான் அடியிலேயே நின்றிருந்தான். முப்பத்தொரு பேரில் பதினேழு பேர் குறைந்தது ஒரு நாள் அமுக்கவில்லை. மறதி என்று சொல்லலாம். என் நண்பனைத் தவிர ஒன்பது பேர் தொடர்ச்சியாக இரண்டு நாளோ அதற்கு மேலோ அமுக்கவில்லை. அதற்குப் பிறகு மறுபடியும் ஒழுங்காக, நேரம் தவறாமல் அமுக்கியிருந்தார்கள். மறதி அப்படி இருக்காது. அந்த ஒன்பது பேரில் செயலாளரும் ஒருவர். பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள். பதினைந்தாம் நாள் அவர்தான் வடை கொடுத்தார்.

வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்த் தவறைச் சொன்னேன். பதிவேட்டையும் காட்டினேன். தன் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு காலிக் கட்டங்களில் விரலை வைத்தார்.

“வேணும்னேதான் அமுக்கல்ல சார். யாராவது வாறாவளான்னு பாத்தேன். ஆட்டோச் சத்தம் கேட்டா எழும்பி உள்ள போயி படுத்துக்கிடுவேன். ரெண்டு நாளும் மீன்காரி மட்டும்தான் வந்தா.”

“அப்பமே என்கிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்.”

“என்னன்னு கேக்க? ஏன் என்னத் தேடி வரல்லன்னா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மத்தவங்கள எல்லாம் கவனிக்கிய, என்ன மட்டும் விட்டுட்டியன்னு நெனச்சேன். அத வெளிய சொல்லுகதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் கூட்டம் போட்டேன். வந்தவங்க மொகத்தப் பாத்தா தெரியும்னு. எல்லாரும் சிரிச்சிட்டு வட தின்னாவ.”

ஒன்பது பேரும், ஆளுக்கு ஒரு வீட்டில், கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்திருக்கிறார்கள். அனைவரும் என்பதில் தான் இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்து, பிறகு கூடி உட்கார்ந்து கைதட்டியிருக்கிறார்கள். எனக்குப் போர்த்திய துண்டை நான் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம், சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்றார். என் நண்பன் பெயரை எடுத்துவிட வேண்டுமா என்றும் கேட்டேன். விதிப்படி ஊரை விட்டுப் போனவர் உறுப்பினர் இல்லை என்றார். பிறகு, “எழுதிக் குடுக்கட்டு, பாப்போம்” என்றார். அவன் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயில். ஸ்டேஷனுக்கு வராதே என்று அவன் சொல்லியிருந்ததால் நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அவர்தான் கொண்டுபோய் விட்டார். பெட்டி இரண்டு, பை ஒன்று, மட்டிப்பழக் குலை ஒன்று. வழி முழுவதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கும்போது மட்டும், நான் ஸ்டேஷனுக்கு வந்தேனா என்று கேட்டிருக்கிறான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். மேலே வரிசை எண் முப்பதில் முடிந்தது. கீழே ஒரு பெயர், சிவப்பில். ஆட்டோவை அனுப்ப முடியாத தூரம். அரிசிப் பானையில் இருந்து பிழைத்து வந்த கைப்பேசியை எடுத்துக் கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறையும் நின்றது. இனி கூப்பிட்டால் தொந்தரவு, கூப்பிடாவிட்டால் மறுபடியும் அதே குற்றம். சிறிது நேரம் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான்காம் முறை கூப்பிட்டேன். எடுத்தான்.

“சொல்லு” என்றான். பின்னால் ரயில் சத்தம்.

“எங்க இருக்க?”

“ஏதோ ஒரு ஸ்டேசன். போர்டு தூரத்துல நிக்கு, வாசிக்க முடியல்ல. இட்லி விக்கான்.”

“காலைல அமுக்கல்லியே.”

“அமுக்கல்ல.”

“சிக்னல் இல்லியா?”

“சிக்னல் எல்லாம் ஒழுங்கா இருந்து.”

“மூணு தடவ கூப்பிட்டேன். நீ எடுக்கல்ல.”

“கேட்டேன்” என்றான். “மூணு தடவயும் கையிலதான் வச்சிருந்தேன். நாலாவது வருமான்னு பாத்தேன்.”